கோட்டையைக் கண்டோம், மொழியைக் கண்டோமா?

தூரத்தில் உள்ளதைப் போற்றுதலும் அருகில் உள்ளதை மறத்தலும் மாந்தர்க்கு இயல்பு. காசிக்குச் சென்று திரும்பியவன் தன் ஊர்க் குளத்தை மதியான் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவ்வியல்பு கற்றோரிடத்தும் உண்டு என்பதையும், அது பிறரிடம் மட்டுமன்றி என்னிடமே நெடுங்காலம் இருந்தது என்பதையும் அண்மையிற் பாசிக்குடாவில் உணர்ந்தேன். அதனை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னிடம் இலக்கணம் படித்த மாணவர் ஒருவர் ஐரோப்பாவிற் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்தவர், பாசிக்குடாவில் தங்கியிருந்து என்னையும் அங்கு அழைத்தார். மாலை வேளை. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுக்கு மேல் ஏறாத அந்தக் குடாவின் நீரில் சிறுவர் விளையாடிக்கொண்டிருந்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த போரும் வெறுமையாக்கிய அக்கரையில், 2009ஆம் ஆண்டின் பின்னர் எழுந்த விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. பன்னாட்டுப் பயணிகளும் அங்கு உலாவினர். பேச்சு இயல்பாகவே பயணங்களைப் பற்றித் திரும்பியது.

"ஐயா, சென்ற ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் எவோரா என்னும் பழைய நகரத்துக்குப் போயிருந்தேன். கட்டாயம் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார் அவர். மதில் சூழ்ந்த நகரம். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பேராலயம். 1559இல் யேசு சபையார் நிறுவிய பல்கலைக்கழகம். நகரின் நடுவே உரோமர் எழுப்பிய கோயிலின் தூண்கள். 1986ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் அந்நகர் சேர்க்கப்பட்டது. அந்த உரோமக் கோயில் பிழைத்த வரலாற்றையும் அவர் சொன்னார். இடைக்காலத்தில் தூண்களுக்கிடையே சுவரெழுப்பி அதனை இறைச்சிக் கடையாக்கிவிட்டனராம். பல நூற்றாண்டுகள் அவ்வாறே கிடந்து, 19ஆம் நூற்றாண்டிற் சுவரை நீக்கியபோது தூண்கள் வெளிப்பட்டனவாம். மதியாது பயன்படுத்தியமையே அதனைக் காத்தது என்பது வியப்பன்றோ!

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. "ஐயா, அங்கே ஓர் உணவுக்கடையில் இருந்தேன். அயலில் இருந்தவர்கள் பேசுவது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நடுநடுவே நம் வீட்டுச் சொற்கள் காதில் விழுந்தன. மேசையை மேசா என்கிறார்கள். கதிரையைக் கதெய்ரா என்கிறார்கள். யன்னல், அலுமாரி, பாண், சப்பாத்து எல்லாம் இருக்கின்றன. எங்கள் அம்மம்மாவின் குசினிக்குள் இருப்பது போல இருந்தது."

"தம்பி, அந்த நகரத்தைப் பார்க்க எவோராவுக்குப் போகவேண்டியதில்லை. நாளைக்கு என்னுடன் புளியந்தீவுக்கு வாரும்" என்றேன்.

மறுநாட் காலை புறப்பட்டோம். பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவு. கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, ஒருபுறம் வயலும் மறுபுறம் வாவியின் சாயலுமாக வழி செல்லும். நகரை அடைந்து, வாவி சூழ்ந்த புளியந்தீவுக்குட் புகுந்தால் நீரோரத்திற் கோட்டை நிற்கிறது.

சிறிய கோட்டை அது. சதுர வடிவம்; நான்கு மூலையிலும் கொத்தளம்; இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. போர்த்துக்கேயர் இதனை 1628ஆம் ஆண்டளவிற் கட்டினர். 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இது அவர்கள் கையை விட்டுப் போயிற்று. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையும், வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் கப்பல்களும் சேர்ந்து இதனைக் கைப்பற்றின. ஐந்து நாட் கழித்து இராசசிங்கனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்தனர். பின்னர் ஒல்லாந்தர் கோட்டையைச் செப்பனிட்டனர். வாயிலில் அவர்தம் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரையைப் பொறித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன் பின்பு நெடுங்காலம் கச்சேரி இதற்குள் இயங்கிற்று. காணிக் காரியமாகவோ பிறப்புப் பத்திரத்துக்காகவோ இந்த வாயிலுக்குள் நுழையாத குடும்பம் மட்டக்களப்பிற் குறைவு. எவோராக் கோயிலை இறைச்சிக் கடை காத்தது போல இக்கோட்டையைக் கச்சேரி காத்தது எனலாம்.

என் மாணவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "பத்தே ஆண்டுகள்தானா ஐயா?" என்றார். ஆம், போர்த்துக்கேயர் இக்கோட்டையை ஆண்டது பத்தே ஆண்டுகள். 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாக, இலங்கை முழுவதிலுமே அவர்தம் ஆட்சி முடிந்தது. ஆனால் ஆட்சி முடிந்தபோது மொழி முடியவில்லை. போர்த்துக்கேயரை விரட்டுதற்கு ஒல்லாந்தரை அழைத்த இராசசிங்கனே அவ்வொல்லாந்தருக்குத் திருமுகங்கள் எழுதியது போர்த்துக்கேய மொழியில்தான். பகைவரை ஓட்டுவதற்குப் பகைவர் மொழியே பொதுமொழியாயிற்று! ஒல்லாந்த ஆட்சியினர் அதனை அடக்க விரும்பியும் இயலாது போயினர். நாளடைவில் அவர்தம் இல்லங்களிலேயே அம்மொழி குடிபுகுந்தது. இன்று மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் குடும்பப் பெயர் ஒல்லாந்தப் பெயராக இருக்க, அவர் முன்னோர் வீட்டில் பேசியது போர்த்துக்கேயமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கோட்டை கல்லால் ஆனது. அதன் ஆயுள் கண்ணுக்குத் தெரியும். சொல்லின் ஆயுள் அவ்வாறு தெரிவதில்லை. காலையில் எழுந்து விறாந்தையிற் கதிரையைப் போட்டு, குசினியிலிருந்து வரும் பாணைத் தின்று, சப்பாத்தை அணிந்து, லேஞ்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் தமிழாசிரியன் ஒருவன், முதற் பாடவேளைக்கு முன்பே ஆறு போர்த்துக்கேயச் சொற்களைப் பயன்படுத்திவிடுகிறான். உழவன் கையில் அலவாங்கு, பிள்ளைகள் அமர்வது வாங்கு, சந்தையில் ஏலம், காணிக்குத் தோம்பு, மார்கழியில் நத்தார். யாவும் அவ்வழி வந்தனவே. தமிழகத்தார் சாவி என்பது போர்த்துக்கேயச் சொல். அதே பொருளை நாம் திறப்பு என்று தமிழிற் சொல்கிறோம். அவர்கள் நாற்காலி என்று தமிழிற் சொல்வதை நாம் கதிரை என்று போர்த்துக்கேயத்திற் சொல்கிறோம். ஆகவே இக்கரையார் தூயர், அக்கரையார் கலந்தார் என்றோ, அதனை மாற்றியோ ஒருவரும் பெருமை கொள்ள இடமில்லை.

இச்சொற்களைக் களையவேண்டும் என்பாருளர். 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நம் மொழிக்குச் செய்த நன்மையை நான் மறவேன். கட்டுரையில் நாற்காலி என்று எழுதும் பிள்ளையை நான் இன்றும் பாராட்டுவேன். ஆயினும் தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, வெளியிலிருந்து வந்தவற்றுக்கும் இரண்டு இருக்கைகளை இட்டு வைத்தார் என்பதை நாம் நினைத்தல் வேண்டும். வடசொல்லாயின் அதன் அயலெழுத்தை வாயிலிலே விட்டுவிட்டுத் தமிழெழுத்தை உடுத்துக்கொண்டு உள்ளே வரலாம் என்பதே அவர் விதி. நன்னூலார் திசைச்சொல்லுக்குரிய நிலப்பரப்பைத் தமிழ் வழங்காத பிற நாடுகளுக்கும் விரித்தார். கதெய்ரா என்பது கதிரை ஆனதும், சனேலா என்பது யன்னல் ஆனதும் அவ்விதிப்படியே அன்றோ?

இதுகாறும் சொல்லியது பலரும் அறிந்தது. கடன் பெற்ற சொற்களைப் பட்டியலிடுதல் நம் இலக்கிய மன்றங்களிற் பழகிய பொழுதுபோக்கு. ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தையே நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடமிருந்து நாம் பெற்றவை பெயர்ச்சொற்கள். நம்மிடமிருந்து அவர்கள் மொழி பெற்றது யாது? இவ்வினாவை நம்முள் எத்தனை பேர் கேட்டோம்?

அதற்கு விடை கோட்டையில் இல்லை. நகரிலும் அதனருகே வாவி கடலோடு சேரும் கழிமுகப் பக்கத்திலும் வாழும் பறங்கியர் வீடுகளில் உள்ளது. தச்சு, கொல், தையல் முதலிய தொழில்களில் வல்ல அம்மக்களுள் மூத்தோர் பேசும் போர்த்துக்கேயம், எவோராவில் வழங்கும் போர்த்துக்கேயம் அன்று. போர்த்துக்கல் நாட்டு மொழியில் வினை வாக்கியத்தின் நடுவில் நிற்கும். மட்டக்களப்புப் போர்த்துக்கேயத்தில் அது தமிழ்போல் ஈற்றில் வந்து முடிக்கும். அங்கே 'வீடு' என்பதை முன் சொல்லி உடையவனைப் பின் சொல்வர். இங்கே உடையவன் பெயர் முன்வர, அதனோடு 'சு' என்னும் உருபு ஒட்ட, வீடு பின்வரும். அங்கே 'பரா' என்னும் சொல் பெயருக்கு முன் நின்று 'பொருட்டு' என்னும் பொருளைத் தரும்; இங்கே அதுவே தேய்ந்து 'ப' என்றாகி, பெயருக்குப் பின்னே சென்று, நம் நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது.

இதனை இலக்கணம் கற்றோர் சற்று நின்று நோக்கவேண்டும். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று பொருள் விரிப்பர் நன்னூலார். இவற்றினும் மேலாக, 'எனக்குப் பசிக்கிறது', 'அவனுக்குத் தெரியும்' என்று பசியையும் அறிவையும் ஒருவனிடம் வந்து சேர்வனவாகக் கூறும் மரபு நம்முடையது. ஐரோப்பியப் போர்த்துக்கேயன் தான் பசியை உடையவனாகச் சொல்வான். மட்டக்களப்புப் பறங்கியன் தனக்குப் பசி என்பான். சொல் அவர்களுடையது, சொல்லும் முறை நம்முடையது. மரம் லிஸ்பனிலிருந்து வந்தது, தச்சன் மட்டக்களப்பான். இயன் ஸ்மித் என்னும் மொழியியலார் இங்கு தங்கி ஆராய்ந்து 1977ஆம் ஆண்டில் இம்மொழியின் ஒலியமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதினார். தமிழோடு அது ஒன்றிய முறையையும் பின்னர் விளக்கினார். அவருக்கு முன்பே கோவாவைச் சேர்ந்த தல்காது என்னும் குருவானவர் இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி 1900ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அதற்கும் முன்னே, 1826இல், வெசுலியன் சபையினர் இம்மொழியிலே புதிய ஏற்பாட்டைக் கொழும்பில் அச்சிட்டனர். நம் காலத்திலும் லிஸ்பனிலிருந்து அறிஞர் வந்து மூத்தோரின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து சென்றுள்ளனர். கடல் கடந்து வந்தோர் கேட்டதை, பக்கத்துத் தெருவில் இருந்த நாம் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பது மட்டுமன்று. சொல்ல வந்த வாயை அடைத்தும் இருக்கிறோம். பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை நான் சொல்லவேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், கீழைத்தேயக் கல்லூரியிற் கற்ற இலக்கணம் தலையில் நிறைந்திருக்க, இளம் ஆசிரியனாக வகுப்பறைக்குட் புகுந்தவன் நான். ஒருநாள் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே வந்து ஒட்டும் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் இவை முன்னே வரும் என்று வேறுபாடும் காட்டினேன். கடைசி வாங்கில் இருந்த பறங்கிச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கட வீட்டுப் பேச்சிலயும் பின்னுக்குத்தான் வரும்" என்றான்.

அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புதியது ஒன்றைக் கண்டவனின் மகிழ்ச்சி அது. நான் என்ன செய்தேன்? "உடைந்த மொழிக்கு இலக்கணம் ஏது? இரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் இருந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் மீண்டும் கை உயர்த்தவில்லை.

அன்று அச்சிறுவன் சொன்னது உண்மை. பண்டிதன் சொன்னது பிழை. அவன் சொன்ன உண்மையை உலகின் மொழியியலார் ஆய்வேடுகளாக எழுதி வைத்திருந்தனர் என்பதை நான் அறியப் பல ஆண்டுகள் ஆயின. அறிந்த நாள் தொட்டு அந்தச் சிரிப்பொலி என் காதில் இருக்கிறது.

கோட்டையைக் கண்டபின் என் மாணவரை அழைத்துக்கொண்டு அவனைத் தேடிச் சென்றேன். இப்போது அவர் நரை கண்ட தச்சர். வேலைக் கொட்டிலில் ஒரு கதிரைக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து, தூசியைத் தட்டி, அதனையே எனக்கு இருக்கத் தந்தார். நான் அன்று நடந்ததைச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது.

"அது கிடக்கட்டும் ஐயா. நீங்க சொன்னதுக்காக இல்ல. அந்தக் காலத்தில எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார்.

"வீட்டில் இப்பொழுது அந்த மொழி பேசுவீர்களா?" என்று கேட்டேன்.

"அம்மா இருந்த மட்டும் பேசினம். மறுகா ஆரோட பேச? பிள்ளையளுக்குத் தமிழ்தான். கலியாண வீட்டில கபிரிஞ்ஞா ஆடுவாங்க. பாட்டுத் தெரியும், கருத்துத் தெரியாது."

ஆழிப்பேரலை எடுத்துச் சென்ற உறவினர் சிலரையும், அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்து சென்ற உறவினர் பலரையும் அவர் விரல் விட்டு எண்ணினார். அவர் எண்ணிய ஒவ்வொருவரும் அம்மொழியைப் பேசத் தெரிந்த ஒருவர். என் மாணவர் தாம் எவோராவிற் கேட்ட சொற்கள் சிலவற்றைச் சொல்ல, தச்சர் சிரித்துக்கொண்டு அவற்றைத் தம் வாய்மொழியிற் சொல்லிக் காட்டினார். சொல் ஒன்றாக இருக்க, உருபு மட்டும் இடம் மாறி நின்றது. எவோராவுக்கும் மட்டக்களப்புக்கும் இடையேயுள்ள தொலைவை அந்த ஓருருபு எனக்கு அளந்து காட்டிற்று. அதுவே தமிழ் நின்ற இடம்.

இதனைப் படிப்போர் சிலர் முகம் சுளிக்கலாம். "கோயிலை இடித்தவர் மொழிக்கா இத்தனை உருக்கம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கொன்ஸ்தந்தீனோ டி சா என்னும் தளபதியின் காலத்தில் திருக்கோணேச்சரம் இடிக்கப்பட்டதும், அதன் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குச் சென்றதும் வரலாறு. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. அவற்றை மறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட நூலில் எழுதி வைக்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அப்பழியைக் கட்டிலும் கதிரையும் செய்து பிழைக்கும் தச்சனின் தாய்மொழி மேல் ஏற்றுதல் அறமாகுமா? கோட்டை கட்டியோர் கப்பலேறிப் போயினர். இங்கே தங்கியோர் நம்மோடு உண்டு, நம்மோடு அஞ்சி, போரிலும் வெள்ளத்திலும் நம்மோடு அழிந்தவர். அவர் நாவில் நம் இலக்கணம் ஏறியது வாளின் வலியால் அன்று. தாய்மாரின் வாய்வழியாகவும் அயலாரின் பழக்கத்தாலும் ஏறியது.

வேறு சிலர், "அழியும் மொழி அழியட்டும், நம் மொழியைக் காப்பதே நமக்குப் பெரும்பாடு" என்பர். தம் மொழி அழியுமோ என்று அஞ்சி வாழ்ந்த மக்கள் இவ்வாறு பேசுதல் பொருந்துமா? சிறுபான்மை மொழியின் துயர் யாதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்துயரை அறிந்தவன், தன்னினும் சிறியவனைக் கண்டால், தன்னைக் கண்டதாக எண்ணவேண்டும். மேலும் இது வெறும் இரக்கம் அன்று. நம் ஆதாயமும் இதில் உண்டு. தமிழ் இலக்கணத்தின் வலிமை யாது என்பதற்குத் தொல்காப்பிய உரைகளில் மட்டும் சான்று தேடுகிறோம். முற்றிலும் வேறான மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியின் எலும்புக்கூட்டையே தமிழ் திருப்பி அமைத்தது என்பதற்கு, உயிரோடு பேசும் சான்று நம் ஊரில் இருக்கிறது. அச்சான்று முதுமை எய்தி வருகிறது.

இங்கே ஒருவரை நினைக்கிறேன். அண்டிரிக்கு அடிகள் என்று தமிழர் அழைத்த என்றிக்கே என்றிக்கஸ், எவோராவுக்கு அருகிலுள்ள விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, மீனவரிடம் தமிழைக் கேட்டுக் கேட்டுக் கற்று, அதற்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அவர் தம் சமயம் பரப்ப வந்தவர்தாம், மறுக்கவில்லை. ஆயினும் ஒரு மீனவன் பேசிய பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்று நம்பி, அவன் அருகில் உட்கார்ந்து கேட்டார். எவோராப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நம் மொழிக்குச் செய்ததை, எவோராச் சொல்லைப் பேசிய ஒரு சிறுவனுக்கு நான் செய்யவில்லை. என் படிப்பு அவர் படிப்பினும் இந்த இடத்திற் குறைந்தது.

மட்டக்களப்பின் பண்டிதர் மரபு இவ்விடயத்தில் வழிகாட்டாததும் அன்று. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பித்தார். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். ஏட்டிலும் வாய்மொழியிலும் கிடந்தவற்றை, இழிவு என்று தள்ளாது திரட்டியமையாலேயே இன்று நமக்கு மட்டக்களப்பின் வரலாறும் வழக்கும் கையில் உள்ளன. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் ஓரடி எடுத்து வைத்தாற் போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கு மூன்று சொல்வேன். முதலாவது, மாணவரைப் பாசிக்குடாவுக்கும் கோட்டைக்கும் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகள், பறங்கியருள் மூத்தோர் ஒருவரையேனும் கண்டு, அரைமணி நேரம் அவர் பேசக் கேட்டுத் திரும்புக. கையிலுள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாக இருக்கும் இக்காலத்தில் இதற்குப் பொருட்செலவு இல்லை. அவர் இசைவைப் பெறும் பணிவே வேண்டும். இரண்டாவது, வேற்றுமை உருபைக் கற்பிக்கும் தமிழாசிரியர், ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது அடுத்த தெருவின் மொழியோடும் ஒப்பிட்டுக் காட்டுக. மூன்றாவது, 'உடைந்த மொழி' என்னும் சொற்றொடரை நம் வாயிலிருந்து நீக்குவோம். எந்த மொழியும் உடைந்து பிறப்பதில்லை. உடைந்தது என்று சொல்லிச் சொல்லியே நாம் அதனை உடைக்கிறோம்.

விடைபெறும்போது அந்தத் தச்சரிடம் ஒன்று வேண்டினேன். என் வகுப்புக்கு ஒருநாள் வந்து, அன்று சொல்லத் தொடங்கியதைச் சொல்லி முடிக்க வேண்டும் என்றேன். சற்று நேரம் பேசாது நின்றார். "இலக்கணம் எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது ஐயா. பேசிக் காட்டலாம்" என்றார்.

"பேசிக் காட்டினாற் போதும். இலக்கணத்தை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வோம்" என்றேன்.

அடுத்த தவணையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பேன்.